பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினோம், பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

கரிசல் டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நெடுநாளாகக் காலி. பிள்ளைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். விடியும் முன்பே வேன் வந்துவிடும். அதற்குப் பிறகு வீடு முழுவதும் மூத்த பெண் பிள்ளையின் தலையில்தான்.

திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது ஒருத்தி மயங்கி விழாத வாரம் குறைவு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். விடைத்தாளில் அவள்தான் முதல். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் மேசையைப் பார்த்து முணுமுணுப்பாள். பக்கத்தில் இருப்பவள் அதைக் காது கொடுத்துக் கேட்டு எனக்கு உரக்கச் சொல்வாள். இப்படி வகுப்புக்கு நான்கைந்து பேர்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பணம் இல்லாமல் செய்யக்கூடியது ஓட்டம்தான். தலைமையாசிரியரும் சம்மதித்தார். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பெண் பிள்ளைகள், வாரம் மூன்று நாள், காலை 7.45 மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். முதல் வாரம் நாற்பது பேர் போல வந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. நின்றவர்களைக் கேட்டால் "கால் வலிக்கிறது டீச்சர்", "அம்மா வேண்டாம் என்கிறார்" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. பையன்கள் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒரு அம்மா நேரில் வந்து, வயதுக்கு வந்த பிள்ளையை ஓடவிட்டால் நாளைக்கு ஏதாவது ஆனால் நீங்களா பொறுப்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையே சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் டி-ஷர்ட்டும் மெடலும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். தலைமையாசிரியருக்கோ பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் ஒரு கோப்பையாவது வர வேண்டும்.

நான் விளையாட்டு ஆள் அல்ல. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நேரத்தை மாற்ற வேண்டுமா? ஷூ இல்லாமல் ஓடலாமா? மாதவிடாய் வரும் அந்த மூன்று நாட்களில் என்ன செய்வது? அம்மாக்களிடம் எப்படிப் பேசுவது? போட்டிக்குத் தயார் செய்வதா, வேண்டாமா?

விசில் எழுதியது:

டீச்சர், முதலில் அந்த 7.45ஐ விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் மதுரை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் உங்கள் மைதானத்துக்கு வரும் பெண் என்னென்ன முடித்துவிட்டு வருகிறாள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். குழாயடியில் குடம் வைத்து, சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, பாத்திரம் தேய்த்துவிட்டு வருவாள். வயிற்றில் ஒரு டம்ளர் டீ இருந்தால் அதிகம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில்தான் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைக்குப் பசிக்காதா என்ன? வெறும் வயிற்றில் ஓடவிட்டு ஒருத்தி விழுந்தால் போதும், ஊர் முழுக்கப் பேச்சாகி உங்கள் திட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

கடைசிப் பீரியடுக்கு மாற்றுங்கள். மதியம் முட்டையோடு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். வெயில் இருக்கும்தான், மர நிழல் விழும் பக்கமாக ஓடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டம் வேண்டாம், வகுப்பறையில் கயிறு தாண்டுங்கள். பள்ளி விட்ட பிறகு வைக்கவே கூடாது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் ஒன்றுதான் இருக்கும். அதை விட்டால் இருட்டித்தான் வீடு. இருட்டி வந்த பெண்ணை மறுநாள் அனுப்ப மாட்டார்கள்.

கடைசிப் பீரியட் கிடைக்குமா என்பீர்கள். கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும், பாருங்கள். அதைக் கணக்கு ஆசிரியர் கடனாக வாங்கியிருப்பார். என் பணிக்காலத்தில் அந்தக் கடனைத் திருப்பித் தந்த ஒரு கணக்கு ஆசிரியரையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, ஓடும் முறை. மைதானத்தைச் சுற்றி ஓடு என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் அரைச் சுற்று பாய்வார்கள், பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "கால் வலிக்கிறது" என்பது இதுதான். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிக் கால் மணி நேரம். இரண்டு வாரத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். வேகத்துக்கு ஒரே அளவு, பக்கத்தில் ஓடுபவளோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று பொருள். பேசக் கூடாது என்று நாள் முழுவதும் அதட்டப்படுகிற பிள்ளைகளுக்குப் பேசினால்தான் சரி என்று ஒரு பீரியட் இருந்தால் வராமலா போவார்கள்? மேசையோடு பேசும் உங்கள் எட்டாம் வகுப்புப் பெண்ணை யாரோடு ஜோடி சேர்ப்பது என்று மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அவளுக்காகப் பதில் சொல்லும் அந்தப் பக்கத்துப் பெண் வேண்டாம். ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையை அவள் பொறுப்பில் விடுங்கள். சின்னவளிடம் இவள்தான் பேசியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை 2012இல் தொடங்கியது இது போன்ற ஒன்றுதான். தினமும் கால் மணி நேரம், பள்ளிச் சீருடையிலேயே, ஓடவும் நடக்கவும் பிள்ளைகள் விருப்பம். போட்டி கிடையாது, தனி உடுப்பு கிடையாது. அந்த "டெய்லி மைல்" இன்று பல நாடுகளில் நடக்கிறது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சீருடை விஷயம். உடை மாற்ற வேண்டும் என்றால் மறைவிடம் வேண்டும். மறைவிடம் இல்லாத பள்ளியில் டி-ஷர்ட் என்பது பெண் பிள்ளையைத் திரும்பிப் போகச் சொல்வது. சுடிதாரும் மேல்கோட்டும் போதும். ஆனால் ஓடும் முன்பு ஊக்கு, ஹேர்பின், கண்ணாடி வளையல் மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். விழும்போது குத்துவது இவைதான். தரை அப்புறம்.

செருப்பு போட்டு ஓடவே கூடாது, வார் அறுந்து கணுக்கால் பிசகும். கான்வாஸ் இருப்பவர்கள் போடட்டும், இல்லாதவர்கள் வெறும் காலில் ஓடலாம். ஆனால் தரையைப் பாருங்கள். கரிசல் மண் மழை பெய்தால் ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் பாதம் மாட்டினால் எலும்பே முறியும். ஒரு பாதைக்கு மட்டும் செம்மண் கொட்டிச் சமன் செய்யப் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேளுங்கள், ஒரு டிராக்டர் லோடுதான். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் பொறுக்க வாரம் ஒரு முறை எல்லோரும் வரிசையாகக் குனிந்து நடக்க வேண்டும். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சிரிக்கும் பையன்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். பிறகு அவர்களை அந்த நேரத்தில் மைதானத்தின் மறுகோடிக்குக் கபடி ஆட அனுப்பிவிடுங்கள். வேடிக்கை பார்க்க இடம் இருக்கக் கூடாது.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நடுவில் நின்று கை தட்டுகிறீர்கள் என்றால் அது போதாது. நீங்களும் ஓட வேண்டும், அதுவும் கடைசியில். விசில் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன், விசிலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கடைசியில் வருபவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்ற நினைப்புதான் அவளை மறுவாரம் வரவிடாமல் செய்கிறது. டீச்சர் அவளுக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் கணக்கே மாறிவிடும். சேலையில் வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

மாதவிடாய் நாட்கள் பற்றிக் கேட்டீர்கள். ஓடக் கூடாது என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. ஓட முடிந்தவள் ஓடட்டும், முடியாதவள் இருக்கட்டும். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. "யாருக்கெல்லாம் முடியவில்லை, ஓரமாக உட்காருங்கள்" என்று நீங்கள் சொன்னால் பள்ளிக்கே தெரிந்துவிடும். நான் வைத்திருந்த ஏற்பாடு, தினமும் மூன்று பேருக்கு மணி பார்க்கும் வேலை. எந்த நாளும் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் "இன்று நான் மணி பார்க்கிறேன் டீச்சர்" என்று வாங்கிக்கொள்ளலாம். சில சமயம் சோம்பேறிகளும் வாங்கிக்கொள்வார்கள், போகட்டும். புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின் பொட்டலங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி இருந்தால் சாவியை நீங்கள் வாங்குங்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாமல் ஓட்டப் பயிற்சி பற்றிப் பேசுவதில் பயனில்லை. தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகக் காலை முதல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஓடவிட்டால் நீர்க்கடுப்புதான் வரும்.

அம்மாக்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ் விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். இரண்டு விஷயம் கேட்பார்கள். ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்பது ஒன்று. இறங்காது. வயல் வேலை செய்து, குடம் சுமந்து, தலையில் விறகு தூக்கிய உங்கள் அம்மாவுக்கு இறங்கியதா என்று திருப்பிக் கேளுங்கள், சிரித்துவிடுவார்கள். வெயிலில் கறுத்துப் போவாள் என்பது இரண்டாவது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மெடல் வேண்டாம். வீடியோ வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் ஓடும் படம் யார் யார் கைபேசிக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு அப்பா அதைப் பார்த்தால் அடுத்த நாளே பாதிப் பேர் வர மாட்டார்கள்.

தடகளம் எழுதியது:

விசில் அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் போட்டியே வேண்டாம் என்பது போல் படிப்பது சரியில்லை. நான் திருச்சிப் பக்கம் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி தருகிறேன்.

ஏழைப் பெண் பிள்ளைக்கு விளையாட்டு ஒரு வாசல். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அரசுப் பொறுப்பு. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறினால்தான் அந்தச் சான்றிதழ்கள் கைக்கு வரும்.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே அப்பா அம்மா இல்லை. கூலி வேலை செய்து பாட்டி வளர்த்தார். வெறும் காலில் பள்ளிப் போட்டியில் ஓடியவரை ஒரு பயிற்சியாளர் கண்டுபிடித்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பள்ளியில் போட்டியே வைத்திருக்காவிட்டால் அவரை யார் பார்த்திருப்பார்கள்? டீச்சர், உங்கள் இருபது பேரில் ஒருத்தி நன்றாக ஓடினால் அவளை அம்மாவின் அறிவுரைக்காகப் பேசிக்கொண்டே ஓடவிட்டு வீணாக்காதீர்கள்.

விசில் எழுதியது:

தம்பி, ரேவதியைப் பற்றி மதுரைக்காரியிடமே சொல்கிறீர்களா? அந்தப் பாட்டி முதலில் பேத்தியைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கினார், பயிற்சியாளர் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் சம்மதம் வாங்கினார். அந்தப் பகுதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுதான் டீச்சருக்கு வேண்டிய பகுதி.

நன்றாக ஓடுகிறவள் தானாகத் தெரிவாள். தெரிந்ததும் உங்களைப் போன்றவரிடம் அனுப்பட்டும், மறுப்பில்லை. ஆனால் இது தொடங்கியது மயங்கி விழும் பிள்ளைக்காகவும் மேசையோடு பேசும் பிள்ளைக்காகவும். குறுவட்டக் கோப்பை என்று இலக்கு வைத்தால் இரண்டே வாரத்தில் ஆறு பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். மீதிப் பேர் ஓரத்தில் நின்று ஷூ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் பார்த்த பள்ளிகளில் பெண்கள் விளையாட்டு என்றால் அந்த ஆறு பேர்தான்.

பதக்கம் எல்லா வாசலையும் திறக்கும் என்றும் சொல்லாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பட்ட அவமானத்தில் பாதியையாவது ஊர் தாங்கிப் பிடித்ததா? பிள்ளை ஜெயித்தால்தான் அவளுக்கு மதிப்பு என்று பழக்கிவிட்டால் தோற்கும் நாளில் அவளுக்கு நிற்க இடம் இருக்காது.

கிராமத்து நர்ஸ் எழுதியது:

வணக்கம் டீச்சர். ஓட்டத்துக்கு முன்னால் ரத்தம் பாருங்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவள், இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் தீவிரம். தீவிரம் என்றால் ஓட்டமும் வேண்டாம், நடையும் வேண்டாம், உடனே டாக்டர். 8க்கும் 11க்கும் இடையில் இருப்பவர்களை டாக்டர் பார்த்து மாத்திரை ஆரம்பித்த பிறகு நடையில் தொடங்குங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் எல்லோருக்கும் எடுத்துத் தருவார்கள். நெஞ்சு படபடப்பு, இளைப்பு உள்ளவர்களைத் தனியாகக் காட்டுங்கள்.

கருவி இல்லாமலே சிலரைக் கண்டுபிடிக்கலாம். பல்பம் தின்பவள், அரிசிப் பானையில் கை விட்டுப் பச்சரிசி மெல்பவள், சாக்பீஸ் துண்டைப் பாவாடை முடிச்சில் வைத்திருப்பவள். இவர்களை அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

வாரம் ஒரு நாள் தரும் நீல மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதை மதிய உணவுக்குப் பிறகு உங்கள் கண் முன்னால் விழுங்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அது கூரை ஓட்டுக்குள் போய்ச் சேரும். வயிறு பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், சத்தை உடம்பில் ஒட்டவிடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ நல்லது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரும் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். வெறும் காலில் நடக்கும் ஊரில் கொக்கிப்புழு குடிக்கும் ரத்தம் கொஞ்சமல்ல.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்த்து இரண்டு எண்ணையும் அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் அல்ல.

கடைசி ஆள் எழுதியது:

விசில் அம்மா சொன்ன அந்தக் கடைசியில் வருகிற பிள்ளை நான்தான். அவர் பள்ளி அல்ல, விருதுநகர் மாவட்டத்தில் வேறொரு பள்ளி. இப்போது கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

டீச்சர், நின்றுபோனவர்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தானே அதிகம்? யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். உள்ளாடை. ஓடும்போது மார்பு குலுங்குகிறது, வலிக்கிறது, அதைப் பார்த்துத்தான் சுவரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் ஓடுவேன். "கையை வீசி ஓடு, கையை வீசி ஓடு" என்று கத்துவார்கள். யாருக்கும் காரணம் தோன்றவில்லை. 2016இல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் 11 முதல் 18 வயது மாணவிகளிடம் கேட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் மார்பு காரணமாக விளையாட்டில் சிரமப்படுவதாகச் சொன்னார்கள். அங்கேயே அப்படி என்றால் சிம்மீசோடு ஓடும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூர் அண்ணன் பணம் தருகிறார் என்றால் டி-ஷர்ட்டுக்குப் பதில் அளவெடுத்து இறுக்கமான விளையாட்டு உள்ளாடை, ஆளுக்கு இரண்டு, வாங்கச் சொல்லுங்கள். கோவில்பட்டியில் கிடைக்காவிட்டால் திருப்பூரில் மொத்த விலைக்குக் கிடைக்கும். அளவெடுக்க ஒரு பெண் வர வேண்டும், கதவு சாத்திய அறையில். பிள்ளைகள் வெட்கப்பட்டு முதலில் வேண்டாம் என்பார்கள், ஒருத்தி வாங்கிப் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் வருவார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முனை புடைத்து வலிக்கிறது என்று யாராவது சொன்னால் நடிப்பு என்று எண்ண வேண்டாம். வளரும் வயதில் தசைநார் இழுப்பதால் வருவது. அவர்களுக்கு ஓட்டத்தைக் குறைத்துத் தொடைத் தசையை நீட்டும் பயிற்சி கொடுங்கள். வலியோடு ஓடவிடாதீர்கள்.

தன்னம்பிக்கை என்று பெரிய வார்த்தை சொல்கிறார்கள். எனக்கு வந்தது என்னவென்றால், டவுன் பஸ்ஸில் ஒருவன் உரசியபோது பின்னால் திரும்பி "தள்ளி நில்" என்று சொன்னேன். அந்த வருடம்தான் நிற்காமல் மைதானத்தை மூன்று சுற்று முடித்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் ஆராய்ச்சி காட்ட முடியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கரிசல் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, தேர்வுத் தாள் திருத்தம்.

கடைசிப் பீரியட் வாரம் இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. கணக்கு ஆசிரியர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி எல்லோருக்கும் ரத்தம் பார்த்தாயிற்று. ஒரு பெண்ணுக்கு 7.4 இருந்தது. வழிபாட்டில் ஒருமுறைகூட மயங்கி விழாத பெண் அவள், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நேராக நிற்பாள். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டினோம்.

கழிப்பறைத் தாழ்ப்பாளை நானே வாங்கி மாட்டிவிட்டேன். நின்றவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். மணி பார்க்கும் வேலைக்கு இப்போது போட்டியே நடக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளைஞர் இலவசமாகப் பயிற்சி தர முன்வருகிறார், மாவட்ட அளவில் ஓடியவராம். சேர்த்துக்கொள்ளலாமா? இன்னொன்று, உள்ளாடைக்குப் போக மீதிப் பணத்தை என்ன செய்வது? ஓடி முடித்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது தரலாமா, தரலாம் என்றால் என்ன?

விசில் எழுதியது:

அந்த இளைஞர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் மைதானத்தில் இல்லாத ஒரு நிமிடம்கூட அவர் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. தனிப்பட்ட முறையில் கைபேசி எண் வாங்கக் கூடாது, தொட்டுத் திருத்தக் கூடாது, வெளியூருக்குத் தனியாக அழைத்துப் போகக் கூடாது. இதை எழுதித் தலைமையாசிரியர் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளித்தால் அங்கேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள், அவர் வந்தாலும் வராவிட்டாலும்.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு என்ன தின்னக் கொடுப்பது என்று மதுரைக்காரியிடம் கேட்கிறீர்களே டீச்சர்! 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் உங்கள் ஊர்ச் சந்தையில் மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஆளுக்கு இரண்டு துண்டும் ஒரு டம்ளர் தண்ணீரும். கடலையும் வெல்லமும், இதற்கு மேல் எந்த ஊட்டச்சத்து நிபுணர் வர வேண்டும்? ஓடி முடித்த பிறகு கொடுங்கள், முதலில் கொடுத்தால் பாதிப் பேர் மென்றுகொண்டே நடப்பார்கள். மணி பார்த்தவர்களுக்கும் உண்டு. சிங்கப்பூர்க்காரர் மாதா மாதம் அந்தக் கடைக்கே பணம் அனுப்பட்டும், ரசீது அவர் பெயரில் போகட்டும், உங்கள் கைக்குப் பணமே வர வேண்டாம்.

அந்த 7.4 பெண்ணுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?